ஓகே: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும் அம்மாக்கள், ஹோட்டல் வேலைக்குப் போன பிறகும் சந்தேகம் வந்தால் போன் எடுக்கும் பழைய மாணவர்கள் என்று எல்லோரும் இலக்கணத்தைவிட அதிகமாகக் கேட்பது ஓகே என்ற இந்தக் குட்டிச் சொல்லைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஓகேன்னா சரி, அவ்வளவுதானே டீச்சர்? இதுல கேக்க என்ன இருக்கு?

பாதி அவ்வளவுதான். "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டு "ஓகே" என்று பதில் வந்தால் அது சரிதான். வகுப்புத் தொடங்கும்போது நான் "ஓகே, புத்தகத்தைத் திறங்க" என்று சொல்வதும் நம்ம "சரி, கிளம்புவோமா" மாதிரிதான், அந்த இடத்தில் அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது, பேச்சை அடுத்த விஷயத்துக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. இந்த இரண்டு இடத்திலும் "சரி" என்பதை அப்படியே தூக்கி வைக்கலாம்.

மற்ற இடங்களில் வைக்க முடியாது. மழை ஈரத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவரிடம் "ஆர் யூ ஓகே?" என்று கேட்டால் அதற்கு "நீ சரியா?" என்று அர்த்தமில்லை, "ஒண்ணும் ஆகலையே?" என்று அர்த்தம். "பரீட்சை எப்படி?" என்பதற்கு "ஓகே" என்று பதில் வந்தால் அது "பரவாயில்லை", கொஞ்சம் இழுத்துச் சொன்னால் "சுமார்". கவனித்துப் பாருங்கள், எந்த இடத்திலும் ஓகேக்குள் பாராட்டு இருக்காது. குறை ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும். கீழே பல பதில்களில் இந்த விஷயத்துக்குத்தான் திரும்பி வருவேன்.

ஓ, கே ரெண்டும் எதோட முதலெழுத்து? சும்மா வந்த எழுத்தா?

சும்மா வரவில்லை, ஆனால் பிழையாக வந்த எழுத்து. "எல்லாம் சரி" என்பதற்கு ஆங்கிலத்தில் ஓல் கரெக்ட் என்பார்கள். முறையாகச் சுருக்கினால் ஏ, சி என்றுதான் வர வேண்டும், ஏனென்றால் முதல் சொல் ஏ எழுத்திலும் இரண்டாவது சொல் சி எழுத்திலும் தொடங்குகிறது. அதை வேண்டுமென்றே காதில் விழுகிறபடி ஓ எழுத்திலும் கே எழுத்திலும் தொடங்கி எழுதி, அந்தத் தப்பான எழுத்துகளையே சுருக்கமாக்கி ஓ.கே. என்று போட்டார்கள். இலங்கையில் நாம் அந்த முதல் சொல்லைத் தமிழில் எழுதினால் ஓல் என்றுதான் எழுதுவோம், அதனால் இந்தப் பகிடி நமக்குச் சட்டென்று பிடிபடும்.

இவ்வளவு பெரிய எழுத்துப்பிழை விட்டவன் யாரு? படிக்காத ஆளா?

நல்லாப் படித்த ஆள், பத்திரிகை ஆசிரியர். 1839 மார்ச் 23ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வெளிவந்த பொஸ்டன் மோர்னிங் போஸ்ட் பத்திரிகையில் இந்த ஓ.கே. இருக்கிறது, அச்சில் கிடைத்தவற்றில் இதைவிடப் பழையதை யாரும் காட்டியதில்லை. அப்போது அதன் ஆசிரியர் சார்ள்ஸ் கோர்டன் கிரீன். வாசகருக்குப் புரியட்டும் என்று பக்கத்திலேயே "ஓல் கரெக்ட்" என்பதைச் சரியான எழுத்தில் விளக்கமாகவும் போட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் பொஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு இது ஒரு பைத்தியமாகவே பிடித்திருந்தது. சொற்றொடரைச் சுருக்குவார்கள், சுருக்குவதற்கு முன்னால் எழுத்தையும் கெடுப்பார்கள். ஓல் ரைட் என்பதைக் கெடுத்து ஓ.டபிள்யூ. என்றார்கள். நோ யூஸ், அதாவது "பிரயோசனமில்லை" என்பதை கே.வை. என்றார்கள். நோ கோ, அதாவது "சரிவராது" என்பது கே.ஜி. ஆனது. எழுத்தைக் கெடுக்காமல் வெறுமனே சுருக்கியவையும் உண்டு, "பெரிய மனுஷங்க" என்று கிண்டலாகச் சொல்ல ஓ.எஃப்.எம். என்று ஒன்று இருந்தது. நம்ம பையன்கள் வட்ஸ்அப்பில் குட் மோர்னிங்கை ஜி.எம். என்றும் குட் நைட்டை ஜி.என். என்றும் அனுப்பும்போது பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்களே, அதே வேலையை அன்றைக்குக் கோட்டுப் போட்ட ஆசிரியர்கள் காசுக்கு விற்ற பத்திரிகையிலேயே செய்தார்கள்.

அந்தச் செய்தி என்ன செய்தி? முக்கியமான விஷயமா?

முக்கியமே இல்லை, அதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. பொஸ்டனில் மணி அடிப்பதை எதிர்க்கும் சங்கம் என்று விளையாட்டாக ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்காரர்கள் சிலர் ரிச்மண்ட் என்ற கப்பலில் நியூயோர்க் போனார்கள். பக்கத்து நகரமான ப்ரொவிடன்ஸில் இருந்த ஒரு பத்திரிகை, அவர்கள் எங்கள் ஊர் வழியாகப் போவார்கள் என்று நினைத்து எதையோ எழுத, கிரீன் அதற்குப் பதில் எழுதுகிறார்: நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே, வேண்டுமானால் எங்கள் ஆட்கள் திரும்பி வரும்போது உங்கள் ஊர் வழியாக வரட்டும், நீங்கள் உண்டியல், மற்ற ஏற்பாடு எல்லாவற்றையும் ஓ.கே. ஆக வைத்துக்கொண்டு போத்தல் மூடிகளைப் பறக்கவிடுங்கள் என்கிற மாதிரி.

இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்ட ஒரு துணுக்கு, அதன் நடுவில் இரண்டு எழுத்து. அன்றைக்கு அதைப் படித்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள்.

சரி, மத்த சுருக்கமெல்லாம் செத்துப்போச்சு. இது மட்டும் எப்படி தப்பிச்சது?

எலக்சன். நம்ம ஊரில் எலக்சன் வந்தால் ரோடு போடுவார்கள், அமெரிக்காவில் அந்த வருடம் ஒரு சொல்லுக்கு உயிர் கொடுத்தார்கள். 1840இல் எட்டாவது ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். அவருடைய சொந்த ஊர் நியூயோர்க் மாநிலத்தில் உள்ள கின்டர்ஹூக். ஊர்ப் பெயரை வைத்து அவருக்கு ஓல்ட் கின்டர்ஹூக், அதாவது கின்டர்ஹூக் பெரியவர் என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதன் முதலெழுத்துகளும் ஓ, கே. ஆதரவாளர்கள் விடுவார்களா, நியூயோர்க்கில் ஓ.கே. கிளப் என்றே ஒன்றை ஆரம்பித்தார்கள். நம்ம ஆளும் ஓ.கே., எல்லாமும் ஓ.கே. என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எதிர்க்கட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அதே இரண்டு எழுத்துக்குக் "காசு காலி", "பயங்கரப் பேரழிவு" என்று பொருள் வரும்படி, அதுவும் எழுத்தைக் கெடுத்தே, நக்கல் விரிவுகள் கட்டினார்கள். வான் பியூரன் வில்லியம் ஹென்றி ஹரிசனிடம் தோற்றுப்போனார், ஆனால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கத்தியதில் சொல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று தெரிவிக்க ரயில்வே தந்திக்காரர்களுக்கு மிகச் சின்னதாக ஒன்று தேவைப்பட்டது, இதைப் பிடித்துக்கொண்டார்கள். பகிடி மறந்துபோய்ப் பாவனை மட்டும் மிஞ்சியது அப்படித்தான்.

இடையில் ஒரு விஷயம். வான் பியூரனுக்குத் தாய்மொழி டச்சு, ஆங்கிலத்தைப் பிறகுதான் கற்றார். அமெரிக்க ஜனாதிபதிகளில் அப்படி ஒருவர் அவர் மட்டும்தான். எங்களுக்கு ஆங்கிலம் வராது டீச்சர் என்று சொல்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பெரிதாக யாரும் மசியவில்லை.

ஜெக்சன்னு ஒரு ஜனாதிபதிக்கு எழுதத் தெரியாது, அவர்தான் ஃபைல்ல இப்படிப் போட்டாருன்னு வீடியோல சொன்னாங்களே?

அன்ட்ரூ ஜெக்சன், வான் பியூரனுக்கு முந்தைய ஜனாதிபதி, அவருடைய அரசியல் குரு. அவர் கடதாசிகளில் ஓல் கரெக்ட் என்பதைப் பிழையாக எழுதிச் சுருக்கி ஓ.கே. என்று போட்டார் என்ற கதை அதே 1840 எலக்சனில் எதிரிகள் கட்டிவிட்டது. குருவை மட்டம் தட்டினால் சீடனுக்கு வாக்குக் குறையும் என்ற கணக்குதான். பொய் என்றாலும் நல்ல பொய், அதனால்தான் இன்னும் வீடியோவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது செவ்விந்தியர் சொல்லுன்னு எங்க மாமா அடிச்சுச் சொல்றார். கிரேக்கம்னும் சொல்றாங்க. எது உண்மை?

மாமாவைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் பக்கம் ஓர் அமெரிக்க ஜனாதிபதியே இருக்கிறார். சொக்டோ என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் "அப்படித்தான்" என்ற பொருளில் கிட்டத்தட்ட ஓகே போலவே ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. 1913 முதல் 1921 வரை ஜனாதிபதியாக இருந்த வூட்ரோ வில்சன் அதுதான் மூலம் என்று நம்பி, ஆவணங்களில் அந்த எழுத்திலேயே ஒப்புதல் எழுதினார். கிரேக்கத்தில் ஓலா கலா என்றால் "எல்லாம் நலம்". ஹெய்ட்டியில் ரம் சாராயத்துக்குப் பேர்போன ஒரு துறைமுகத்தின் பெயர் ஓ கே என்று ஒலிக்கும். மேற்கு ஆபிரிக்காவின் வொலொஃப் மொழியிலும் "ஆமாம்" என்று அழுத்திச் சொல்லும்போது இதுபோல ஒன்று வரும்.

ஓ, கே என்பவை எந்த நாக்குக்கும் சுலபமான ஒலிகள், அதனால் எந்த மொழியில் தேடினாலும் ஏதாவது ஒன்று அகப்படும். ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, அங்கிருந்து இங்கே வந்ததற்கு எழுத்தில் தடம் வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் வோக்கர் ரீட் பழைய பத்திரிகைகளை மாய்ந்து மாய்ந்து புரட்டி அந்தத் தடத்தை எடுத்தார். 1963, 1964 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் பொஸ்டன் துணுக்கில் தொடங்கி எலக்சன் வரை வரிசையாகச் சான்று இருக்கிறது. மற்றக் கதைகளுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ரீட் பக்கம்தான், நானும்.

போர்ல யாரும் சாகலைன்னா "ஜீரோ கில்ட்"னு போர்டுல எழுதுவாங்களாம், அதுதான் ஓகே ஆச்சாமே?

இந்தக் கதையில் வழக்கமாகச் சொல்லப்படும் போர் அமெரிக்க உள்நாட்டுப் போர், அது நடந்தது 1861 முதல் 1865 வரை. ஓ.கே. அச்சில் வந்தது 1839. மகன் பிறந்து 22 வருடம் கழித்து அப்பா பிறந்ததாகச் சொல்கிறார்கள். அதே போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பிஸ்கட் பெட்டியில் இருந்த எழுத்து என்ற கதைக்கும் இதே பதில்தான்.

நம்ம தோட்டத்துத் துரைமார்ல பாதிப்பேர் ஸ்கொட்லாந்துக்காரங்க. அவங்க "ஓக் ஐ"ன்னு சொன்னதுதான் ஓகேன்னு எங்க தாத்தா சொல்வாரு.

தாத்தா சொன்னதில் முதல் பாதி நியாயம்தான். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர், அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாட்டிலிருந்து ஏகப்பட்ட பேர் இந்த மலைக்கு வந்தார்கள். தோட்டப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். ஓக் ஐ என்பதும் உண்மையிலேயே ஸ்கொட்லாந்துப் பேச்சுதான், "ஓ, ஆமாம்" என்று அர்த்தம்.

ஆனால் காலத்தைப் பாருங்கள். பொஸ்டனில் ஓ.கே. அச்சாகிறபோது இங்கே தேயிலையே கிடையாது, கோப்பித் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள், நம்ம முன்னோரும் இந்தியாவிலிருந்து கோப்பிக்காகத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். துரைமார் வாயில் அந்த ஓக் ஐ இருந்திருக்கலாம், அதிலிருந்துதான் ஓகே வந்தது என்பதற்கு மேலே சொன்ன மாதிரி ஒரு தடமும் இல்லை.

தமிழ்ல சரி, சிங்களத்துல ஹரி, இங்கிலீஷ்ல ஓகே. மூணுக்கும் சொந்தம் இருக்கா?

ஓகேக்கு இவற்றோடு எந்தச் சொந்தமும் இல்லை, வேலை ஒன்று என்பதைத் தவிர. ஆனால் வேடிக்கையான ஒரு சொந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கொண்டக்டர் தம்பி "ஹரி ஹரி" என்று ஆட்களை உள்ளே தள்ளுவார், கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் பஸ் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்!" என்பார். மேலே ஓல் ரைட் என்பதைக் கெடுத்து ஓ.டபிள்யூ. என்று ஒரு சுருக்கம் இருந்தது என்றேனே, ஓகேயோடு கூடப் பிறந்த அந்தச் சுருக்கம் செத்துவிட்டது, அதன் மூலச் சொல் நம்ம பஸ் மிதிபலகையில் நல்லபடியாக இருக்கிறது.

எப்படி எழுதுறது? புள்ளி வச்சா, வைக்காமலா, ரெண்டு எழுத்தா, நாலு எழுத்தா?

எல்லாமே ஏற்கப்பட்டவை. பெரிய எழுத்தில் ஓ, கே என்று இரண்டு மட்டும் போடலாம், புள்ளி வைத்தும் போடலாம், ஓ, கே, ஏ, வை என்று நாலெழுத்தாக விரித்தும் எழுதலாம். புள்ளி வைப்பது இப்போது குறைந்துவிட்டது. கதை, உரையாடல் எழுதும்போது நாலெழுத்து பார்க்க அழகாக இருக்கும் என்பது என் எண்ணம். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள், முதல் பந்தியில் ஒன்று, மூன்றாம் பந்தியில் இன்னொன்று என்றால்தான் சிவப்புப் பேனா வரும்.

இதை வினைச்சொல்லாகவும் போடலாம். மேலாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்பதற்கு "த மெனேஜர் ஓகேட் இட்" என்பார்கள். அப்படி எழுதும்போது நாலெழுத்து வடிவத்தோடு ஈ, டி சேர்ப்பது சுலபம், இரண்டெழுத்தோடு சேர்த்தால் நடுவில் மேற்புள்ளி போட வேண்டும், பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள்.

ஓ.எல். பரீட்சையில இதை எழுதினா மார்க்ஸ் வெட்டுவாங்களா?

எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நண்பனுக்குக் கடிதம், உரையாடல் என்றால் தாராளமாக எழுதலாம், அந்த இடத்தில் அதுதான் இயல்பு. அதிபருக்கு, பிரதேச செயலாளருக்கு, வேலைக்கு விண்ணப்பம் என்றால் வேண்டாம். முதல் பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள், "உங்கள் பாடசாலையின் ஒழுக்கம் ஓகே" என்று எழுதினால் பாராட்டின மாதிரியா இருக்கும்?

ஒபிஸ்ல மேல இருக்கிறவருக்கு வட்ஸ்அப்ல வெறும் "கே" போட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டார். நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்?

இலக்கணத் தப்பு இல்லை. இரண்டே எழுத்துள்ள சொல்லில் ஒன்றைக் கூட மிச்சம் பிடித்தால், இந்த ஆளுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்ததாக எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். இரண்டெழுத்தைப் போட்டுப் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்தாலும் சிலருக்குக் கோபமாகப் படும். "ஓகே ஓகே" என்று இரண்டு தடவை போட்டால், போதும் நிறுத்து என்கிற மாதிரி இருக்கும், தமிழில் "சரி சரி" என்றாலும் அப்படித்தானே.

மேலதிகாரி என்றால் "ஓகே சேர், நாளைக்கு அனுப்புறேன்" என்று என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் "நோட்டட், தேங்க் யூ" போதும். அவருக்குத் தேவை நீங்கள் விஷயத்தை வாசித்தீர்களா என்ற நிச்சயம்தான்.

அக்கா, வெள்ளைக்காரம்மாகிட்ட இன்னும் டீ ஊத்தவான்னு கேட்டேன். "ஐ ஆம் ஓகே"ன்னாங்க. ஊத்தப்போனா கோப்பையைக் கையால மூடுறாங்க. ஏன்?

எல்ல பக்கம் ஹோட்டலில் வேலைக்கு நிற்கிற என் பழைய மாணவன் கேட்டது. இந்தச் சொல்லில் இருக்கிற மிகப் பெரிய பொறி இதுதான், இதில் விழாத ஆளே கிடையாது. "ஐ ஆம் ஓகே" என்றால் ஊற்று என்று அர்த்தமில்லை. "எனக்கு இது போதும், வேண்டாம்" என்று அர்த்தம். அவர் உங்கள் கேள்விக்குச் சம்மதம் சொல்லவில்லை, தன் நிலைமையைச் சொல்கிறார்: எனக்குக் குறை ஒன்றும் இல்லை. படியில் விழுந்தவர் "ஐ ஆம் ஓகே" என்று சொன்னால் தூக்கிவிட வேண்டாம் என்று எடுத்துக்கொள்வோம் இல்லையா, அதே கணக்கு.

தன்னைச் சேர்த்துச் சொல்லாமல் வெறும் "ஓகே" என்றால் ஊற்றலாம். "ஐ ஆம்" வந்து பின்னால் "தேங்க்ஸ்" வந்தால் கேத்தலைத் தூக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு நொடி நின்று முகத்தைப் பாருங்கள், வேண்டும் என்பவர் கோப்பையை உங்கள் பக்கம் நகர்த்துவார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு "இட் வோஸ் ஓகே" என்று விருந்தினர் சொன்னால் சந்தோஷமாக உள்ளே போய்ச் சமையல்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். முதல் பதிலைப் பாருங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேர்த்துக் காட்டுறது எல்லா நாட்டுக்காரங்களுக்கும் ஓகேதானே?

இல்லை. பிரேசிலில் அது கெட்ட சைகை. ஜப்பானில் பணத்தைக் குறிக்கவும் அதைக் காட்டுவார்கள், பில் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படிக் காட்டினால் என்ன நினைப்பார்களோ. இது போதாதென்று, இணையத்தில் சிலர் விளையாட்டாகக் கிளப்பிவிட்டதை அப்புறம் வெள்ளை இனவாதிகள் உண்மையாகவே எடுத்துக்கொள்ள, 2019இல் அமெரிக்காவில் வெறுப்புச் சின்னங்களைப் பட்டியலிடும் ஓர் அமைப்பு இதையும் பட்டியலில் சேர்த்தது. அதற்காகச் சைகை காட்டுகிற எல்லோரும் இனவாதிகள் என்று அர்த்தமில்லை.

நிலாவெளிப் பக்கம் கடலுக்குள் சுழியோடப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தண்ணீருக்கு அடியில் "நான் நல்லா இருக்கேன்" என்பதற்கு இந்த வட்டம்தான் சரியான சைகை. பெருவிரலை உயர்த்திக் காட்டினால் "மேலே போவோம்" என்று அர்த்தம், உங்களை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், கட்டின காசு போச்சு.

கொம்பியூட்டர்ல எதைச் செஞ்சாலும் ஓகே அமுக்கச் சொல்லுதே, அது யார் வச்சது?

அப்பிள் நிறுவனம் லிசா என்ற கொம்பியூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்த நாளில் நடந்ததாக அங்கே வேலை செய்தவர்கள் சொன்ன கதை இது. லிசா 1983இல் கடைக்கு வந்தது. முதலில் அந்தப் பொத்தானில் "டூ இட்", அதாவது "செய்" என்று எழுதியிருந்தார்களாம். பழக்கமில்லாத ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது ஒருவர் கடுப்பாகிவிட்டார், இந்த இயந்திரம் ஏன் என்னை மடையன் என்று திட்டுகிறது என்று கேட்டாராம். திரையில் இரண்டு சொல்லுக்கும் இடையில் இடைவெளி போதவில்லை, பெரிய எழுத்து ஐ பார்ப்பதற்கு எல் மாதிரி இருந்தது, இரண்டும் சேர்ந்து டோல்ட் என்று தெரிந்தது. டோல்ட் என்றால் மடையன். அதனால் ஓகே என்று மாற்றினார்கள். எழுத்துப் பிழையில் பிறந்த சொல் இன்னொரு எழுத்துக் குழப்பத்தால் பொத்தானில் ஏறியிருக்கிறது.

ஓக்கி டோக்கின்னு என் பொண்ணு சொல்றா. அது ஒழுங்கான இங்கிலீஷா, காட்டூன் பார்த்துக் கெட்டதா?

ஒழுங்கான ஆங்கிலம்தான், அமெரிக்காவில் 1930களிலேயே அச்சில் இருக்கிறது. நாம் "டீ கீ குடிச்சீங்களா" என்று கேட்கிற மாதிரி, சொல்லைத் திருப்பிச் சொல்லிக் குஷியாக்குவது. பாடசாலையில் டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஏ ஓகே என்று இன்னொன்று உண்டு, எல்லாம் பிரமாதம் என்று அர்த்தம், 1961இல் அமெரிக்கர்கள் முதன்முதலாக விண்வெளிக்கு ஆள் அனுப்பிய நேரத்தில் பரவியது. சாதா ஓகேயில் பாராட்டு இல்லை என்றேன், இதில் இருக்கிறது.

மகன்கிட்ட புத்தி சொன்னா "ஓகே பூமர்"னு சொல்லிட்டுப் போறான். மரியாதையா, இல்லையா?

மரியாதை இல்லை. பூமர் என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை பிறந்த தலைமுறை. 2019இல் இணையத்தில் இது பெரிதாகப் பரவியது, நியூசிலாந்துப் பாராளுமன்றத்தில்கூட ஓர் இளம் உறுப்பினர் குறுக்கிட்டவரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க சொல்றதைக் கேட்டாச்சு, கிளம்புங்க பெருசு" என்பதுதான் சாரம். அவனைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் பிறந்த வருடத்தைச் சொல்லிப் பாருங்கள், 1964க்குப் பிறகு என்றால் அவன் சொன்னது கணக்குப்படியும் பிழை.

நீங்களே தமிழ்ல பேசும்போது வாய்க்கு வாய் ஓகேங்கிறீங்க. நாங்க தமிழ்ல எழுதினா மட்டும் ஏன் வெட்டுறீங்க?

பேசும்போது நான் வெட்டுவதே இல்லை. தோட்டத்தில் காலையில் போகிற பெரட்டு, குடியிருக்கிற லயம், ஒப்பந்தத்துக்குச் செய்கிற கொந்தரப்பு எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்து நம்ம நாக்கில் உருமாறி உட்கார்ந்தவைதான், யாரும் குறை சொல்வதில்லை. ஓகே உருமாறக்கூட இல்லை, உருமாற வேண்டிய தேவையும் இல்லை, ஓ, கே இரண்டும் தமிழில் ஏற்கெனவே இருக்கிற ஒலிகள்.

கதை எழுதும்போது ஒரு பாத்திரம் பேசுகிற வரியில் ஓகே வந்தால் தொடமாட்டேன், பாட்டி பேசினால் மட்டும் "ஆகட்டும்" என்று மாற்றச் சொல்வேன், பாட்டிகள் அப்படித்தான் பேசுவார்கள். நான் வெட்டியது அதிபருக்கு எழுதிய விடுமுறைக் கடிதத்தில் வந்த "மேற்படி விடயம் தங்களுக்கு ஓகே எனின் அறியத்தரவும்" என்ற வரியை. அதை இனியும் வெட்டுவேன்.